வேண்டாத மின்னஞ்சலை அழித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி மின்னஞ்சல், இணைய மோசடி பற்றிய செய்தி எந்த நாளிதழில் வந்தாலும் கடைசிப் பத்தியில் ஓர் அறிவுரை இருக்கும்: "தெரியாதவர்களிடமிருந்து வரும் மின்னஞ்சலைத் திறக்காமல் அழித்துவிடுங்கள்." தப்பான அறிவுரை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதை மட்டும் கடைப்பிடிப்பவருக்கு நாளைக்கும் அதே அளவு குப்பை வரும். படித்து முடித்த நல்ல கடிதத்தையும் நாம் அழிக்கிறோம், குப்பையையும் அழிக்கிறோம். எது வேண்டாதது என்று அழிப்பதை வைத்து மின்னஞ்சல் சேவையால் தெளிவாகத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குச் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னால்தான் அது வடிகட்டும். அந்த விதத்தைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஜிமெயில் வைத்திருப்பதால் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேண்டாத மின்னஞ்சல் எல்லாம் ஒரே இனம் இல்லை. துணிக்கடை பில் போடும்போது கேட்டு வாங்கிய முகவரிக்கும், ரயில் டிக்கெட் எடுத்த செயலிக்குக் கொடுத்த முகவரிக்கும் வரும் விளம்பரங்கள் ஒரு வகை. இவற்றை அனுப்புபவர் யார் என்பது தெரியும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். எங்கிருந்தோ வரும் மருந்து, லாட்டரி, கடன் விளம்பரங்கள் இரண்டாவது வகை. வங்கி, வருமான வரித் துறை, கூரியர் என்று வேடம் போட்டுப் பணம் பறிக்க வருபவை மூன்றாவது. முதல் வகைக்குச் சந்தாவை நிறுத்துவது மருந்து. இரண்டாவதற்கு ஸ்பேம் (குப்பை அஞ்சல்) என்று புகார் செய்வது. மூன்றாவதற்கு ஃபிஷிங் (வேடமிட்ட மோசடி அஞ்சல்) என்று புகார் செய்வது. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

கடைக்காரர் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ஜிமெயிலில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருக்கும். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ள இணைப்பைத் தேடிப் போக வேண்டாம், மேலே இருப்பதையே அழுத்துங்கள். அடியில் உள்ள இணைப்பு உங்களை அந்த நிறுவனத்தின் பக்கத்துக்கு அழைத்துப் போய், காரணம் கேட்டு, சில சமயம் கடவுச்சொல்லும் கேட்கும். மேலே இருப்பது கடிதத்தின் தலைப்புத் தகவலில் அனுப்பியவரே பதித்துவைத்த நிறுத்தல் முகவரி. ஜிமெயில் அதைத் தானே தொடர்புகொள்ளும். நாள் ஒன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள் விளம்பரக் கடிதங்களில் ஒரே அழுத்தில் நிறுத்தும் வசதியை வைத்தாக வேண்டும், கேட்ட 2 நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று கூகுள் 2024-இல் விதி கொண்டுவந்தது. ஆகவே நிறுத்திய மறுநாள் ஒரு கடிதம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்தும் வந்தால் அந்த நிறுவனம் விதியை மீறுகிறது. அப்போது தயங்காமல் ஸ்பேம் என்று புகார் செய்யுங்கள்.

2025 ஜூலையில் ஜிமெயில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பக்கத்தை அறிமுகப்படுத்தியது. இடப்பக்கப் பட்டியலில் இருக்கும். யார் யார் உங்களுக்குத் தொடர்ந்து அனுப்புகிறார்கள், அண்மையில் எத்தனை அனுப்பினார்கள் என்று அதிகம் அனுப்புபவரை மேலே வைத்துக் காட்டும். அரை மணி நேரம் ஒதுக்கி மேலிருந்து இருபது பெயர்களை நிறுத்தினாலே பெட்டியின் பாரம் கண்ணுக்குத் தெரிந்து குறையும். வேறு எதையும் செய்ய நேரமில்லாதவர்கள் இதை ஒன்றையாவது செய்யலாம்.

இந்த வகைக் கடிதத்தை ஸ்பேம் என்று குத்துவதில் என்ன கெடுதல்? ஒரே நிறுவனத்திலிருந்து விளம்பரமும் வருகிறது, வேண்டிய பில்லும் வருகிறது. விளம்பரத்தை ஸ்பேம் என்று பல முறை சொன்ன பிறகு, அதே இடத்திலிருந்து வரும் பில்லும் விமான டிக்கெட்டும் ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கும். இயந்திரம் தவறவில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறது.

சில நிறுவனங்களின் கடிதத்தை முற்றிலும் நிறுத்தவும் முடியாது, முன்பெட்டியில் (இன்பாக்ஸில்) வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. பங்குத் தரகரின் தினசரி அறிக்கை, அடுக்குமாடிச் சங்கத்தின் அறிவிப்பு, பள்ளியின் சுற்றறிக்கை போன்றவை. இவற்றுக்குத்தான் ஃபில்டர், அதாவது வரும் கடிதத்தை நாம் சொன்னபடி தானாகப் பிரித்துவைக்கும் விதி. இதைக் கைப்பேசிச் செயலியில் அமைக்க முடியாது. கணினியில் அல்லது பிரவுசரில் 'டெஸ்க்டாப் சைட்' முறையில் திறக்க வேண்டும். தேடல் கட்டத்தின் வலது ஓரத்தில் மூன்று கோடுகளில் குமிழ் வைத்தது போல ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் 'ஃப்ரம்', 'டு', 'சப்ஜெக்ட்', 'ஹேஸ் த வேர்ட்ஸ்', 'டஸ்நாட் ஹேவ்' என்ற கட்டங்கள் வரும். வேண்டியதை நிரப்பிவிட்டு உடனே 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தாதீர்கள். முதலில் 'சர்ச்' அழுத்துங்கள். இதுவரை வந்த கடிதங்களில் எவையெல்லாம் அந்த வலையில் சிக்குகின்றன என்று காட்டும். இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பாருங்கள். சிக்கக் கூடாத ஒன்று சிக்கியிருந்தால் கட்டங்களைத் திருத்துங்கள். வலை சரியாக விழுகிறது என்று தெரிந்த பிறகே ஃபில்டராக மாற்றுங்கள்.

அடுத்த திரையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். 'டெலீட் இட்' என்பதை மட்டும் முதல் மாதத்தில் தொடாதீர்கள். 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' என்பதையும் 'அப்ளை த லேபிள்' என்பதையும் தேர்ந்தெடுத்து, 'அறிக்கைகள்' என்றோ 'சங்கம்' என்றோ தமிழிலேயே ஒரு லேபிள் கொடுங்கள். கடிதம் முன்பெட்டிக்கு வராது, ஆனால் அழியாமல் அந்த லேபிளுக்குள் இருக்கும். ஒரு மாதம் கழித்து அதைத் திறந்து பார்த்து, ஒன்றுமே தேவைப்படவில்லை என்றால் அப்போது அழிக்கும் ஃபில்டராக மாற்றலாம். அழிக்கும் ஃபில்டரில் சிக்கிய கடிதம் ட்ராஷில் 30 நாள் மட்டுமே இருக்கும். அது வந்ததே உங்களுக்குத் தெரியாது என்பதால் தேடவும் மாட்டீர்கள்.

ஃபில்டரில் வழக்கமாக நடக்கும் பிழைகள் சில உண்டு. 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் உள்ள எல்லாக் கடிதத்தையும் ஒதுக்கு என்பது பலர் பரிந்துரைக்கும் தந்திரம். விளம்பரங்களை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து வரும் நேர்காணல் அழைப்பிலும், பரஸ்பர நிதியின் கணக்கு அறிக்கையிலும் அடியில் அதே சொல் இருக்கலாம். இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்துவதானால் அழிக்காமல் லேபிள் மட்டும் கொடுங்கள்; 'டஸ்நாட் ஹேவ்' கட்டத்தில் இன்வாய்ஸ், ஸ்டேட்மென்ட், ஓடிபி, இன்டர்வியூ போன்ற சொற்களை ஆங்கிலத்தில் இடுங்கள்.

இன்னொரு பிழை, 'ஃப்ரம்' கட்டத்தில் வங்கியின் பெயரை மட்டும் எழுதுவது. அந்தக் கட்டம் அனுப்பியவரின் முகவரியை மட்டும் பார்ப்பதில்லை, அவர் வைத்துக்கொண்ட பெயரையும் பார்க்கிறது. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே அட் குறிக்குப் பின்னால் வரும் முழு டொமைனையும் எழுத வேண்டும்.

தமிழ்ச் சொல்லை வைத்து வடிகட்ட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கும், சொல்லின் ஒரு பகுதியைப் பார்க்காது. 'கடன்' என்று ஃபில்டர் போட்டால் 'கடனுக்கு', 'கடனை', 'கடனாக' என்று எழுதிய கடிதங்கள் தப்பிவிடும். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒரு சொல்லுக்கு நாலைந்து வடிவங்களை எழுதி, நடுநடுவே ஓஆர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். போதாததற்குத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவோர் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறார்கள். எனவே தமிழ்க் குப்பையைச் சொல்லை வைத்துப் பிடிப்பதைவிட அனுப்பியவரின் டொமைனை வைத்துப் பிடிப்பது எளிது.

ஃபில்டர்கள் பெருகிவிட்டால் செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்' பக்கத்தில் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கலாம், கோப்பாக எடுத்தும் வைக்கலாம். வேண்டிய கடிதம் காணாமல் போகிறது என்றால் முதலில் தேட வேண்டிய இடம் இந்தப் பக்கம்தான். என்றோ போட்டு மறந்த ஒரு ஃபில்டர் அங்கே இருக்கும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் குப்பையில் உள்ள அன்சப்ஸ்கிரைப் இணைப்பைத் தொடக் கூடாது. "நிறுத்துங்கள்" என்று பதிலும் எழுதக் கூடாது. கோடிக்கணக்கில் முகவரிகளை வைத்துக் கண்மூடித்தனமாக அனுப்புபவருக்கு, எந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற தகவல்தான் பணம். அதை நாமே கொடுத்துவிடுகிறோம். திறக்காமலே பட்டியலில் தேர்ந்தெடுத்து 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துங்கள். கைப்பேசியில் கடிதத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் மூன்று புள்ளிப் பட்டியலில் கிடைக்கும். "புகார் செய்துவிட்டுச் சந்தாவையும் நிறுத்தட்டுமா" என்று ஜிமெயில் கேட்டால், தெரியாதவர் விஷயத்தில் புகார் மட்டும் போதும்.

'பிளாக்' செய்வதில் பலருக்கு நம்பிக்கை இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் ஆள் தொல்லை கொடுக்கிறார் என்றால் அது பயன்படும். குப்பை அனுப்புபவர் ஒவ்வொரு முறையும் புது முகவரியில் வருகிறார். நேற்றைய முகவரியைத் தடுத்து என்ன பயன்? நூறு முகவரிகளைப் பிளாக் செய்து வைத்திருப்பவரின் பெட்டிக்கும் நூற்றொன்றாவது வந்துகொண்டுதான் இருக்கும். புகார் செய்யும்போது கடிதத்தின் வாசகம், அதிலுள்ள இணைப்பு, அது புறப்பட்ட சர்வர் என்று பல அடையாளங்கள் சேவைக்குப் போகின்றன. முகவரி மாறினாலும் அவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

வடிகட்டி கற்றுக்கொள்ளும் விதத்தை அறிந்தால் இது விளங்கும். 2002 வாக்கில் பரவலான ஒரு முறை, ஒவ்வொரு சொல்லும் குப்பையில் எத்தனை முறை வந்தது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. புதிய கடிதம் வந்ததும் அதிலுள்ள சொற்களின் கணக்கைச் சேர்த்து, இது குப்பையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயர் வகுத்த நிகழ்தகவு விதி இதன் அடிப்படை. கணினியில் மின்னஞ்சல் படிக்க உதவும் தண்டர்பேர்ட் மென்பொருள் இன்றும் இந்த முறையில்தான் உங்கள் கணினியிலேயே கற்கிறது. அதைப் பயன்படுத்துவோர் செய்யும் பெரிய தவறு, குப்பையை மட்டும் 'ஜங்க்' என்று குறித்துவிட்டு, தவறாக ஒதுக்கப்பட்ட நல்ல கடிதத்தை 'நாட் ஜங்க்' என்று குறிக்காமல் இன்பாக்ஸுக்கு இழுத்துப் போடுவது. நல்லது எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்காத வடிகட்டிக்கு எல்லாமே குப்பையாகத்தான் தெரியும். பல மாதம் தவறாகப் பழகிவிட்டால், ஜங்க் அமைப்புகளில் பயிற்சித் தரவை அழித்துவிட்டு முதலிலிருந்து பழக்குவது நல்லது.

கடிதத்தில் உள்ள படங்களும் உளவு பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தைச் செருகி, அது இறக்கப்பட்டதும் கடிதம் திறக்கப்பட்டதாக அறிந்துகொள்வார்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் பொதுப் பக்கத்தில் 'இமேஜஸ்' என்ற இடத்தில் 'ஆஸ்க் பிஃபோர் டிஸ்பிளேயிங்' என்று மாற்றிவிடுங்கள். ஆப்பிள் மெயிலில் 2021 முதல் இதற்கென்றே 'ப்ரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி' உண்டு.

வடிகட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குப்பை உள்ளே வருவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எங்கள் கவலை எதிர்ப்பக்கம். இன்பாக்ஸில் பத்து குப்பை வந்தால் பத்து விநாடி வீண். நல்ல கடிதம் ஒன்று ஸ்பேமுக்குள் போனால் ஒரு வேலையே போகலாம். டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு போன்றவற்றுக்குத் தபால் அனுப்புவதில்லை. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், இணையதளம்தான். ஜிமெயில் ஸ்பேம் பெட்டியில் உள்ளவை 30 நாளில் தாமாக அழிந்துவிடும். வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஞாயிறு காலை என்று வையுங்கள், அந்தப் பெட்டியின் பொருள் வரிகளை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். எதையும் திறக்க வேண்டாம். நல்லது கண்ணில் பட்டால் 'நாட் ஸ்பேம்' அழுத்தி, அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் தினமும் பாருங்கள்.

குறிப்பிட்ட முகவரியிலிருந்து வருவது ஒருபோதும் ஸ்பேமுக்குப் போகக் கூடாது என்றால் ஃபில்டரில் 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இதை வங்கிக்குப் போடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத முடியும். அப்படி எழுதிய போலிக் கடிதத்தை ஜிமெயில் பிடித்து வைத்திருந்தாலும், உங்கள் ஃபில்டர் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடும். நீங்கள் உருவாக்கிய ஃபில்டரால் இது ஸ்பேமுக்கு அனுப்பப்படவில்லை என்ற பட்டை கடிதத்தின் மேல் தெரிந்தால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மோசடிக் கடிதங்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவது எப்படி முடிகிறது என்று பலர் வியக்கிறார்கள். தபால் உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் இல்லையா, மின்னஞ்சலும் அதே மாதிரிதான் உருவானது. இதைச் சரிசெய்யப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. எஸ்பிஎஃப் என்பது, "எங்கள் கடிதம் இன்ன அஞ்சலகங்களிலிருந்துதான் புறப்படும்" என்று டொமைன் உரிமையாளர் பொதுவில் ஒட்டிவைக்கும் பட்டியல். டிகிம் என்பது அரக்கு முத்திரை. வழியில் யாராவது உறையைப் பிரித்து வாசகத்தை மாற்றினால் முத்திரை உடைந்திருப்பது தெரிந்துவிடும். டிமார்க் இவை இரண்டையும் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் விடவா, ஒதுக்கவா, திருப்பி அனுப்பவா என்று உரிமையாளர் சொல்லும் கட்டளை.

இவற்றை நீங்களே பார்க்கலாம். கணினியில் சந்தேகமான கடிதத்தைத் திறந்து, பதில் எழுதும் குறிக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மேலே ஒரு சிறு அட்டவணையில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றுக்கு எதிரே 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று இருக்கும். வங்கியின் முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் கடிதத்தில் டிமார்க் ஃபெயில் என்றால் மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்றுமே பாஸ் என்றால் கடிதம் நல்லது என்று பொருளாகாது. எந்த டொமைனுக்குப் பாஸ் என்று எதிரே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். மோசடிக்காரரும் காசு கொடுத்துத் தனக்கென ஒரு டொமைன் வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொண்டு வருகிறார்.

டொமைனை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். வங்கிபெயர் டாட் பேங்க் டாட் இன் டாட் ஏதோஒன்று டாட் காம் என்று இருந்தால், அதன் சொந்தக்காரர் கடைசியில் உள்ள ஏதோஒன்று டாட் காம். முன்னால் இருப்பதெல்லாம் அவர் விருப்பப்படி ஒட்டிக்கொண்ட சொற்கள். இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முடிவுள்ள முகவரி வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும் என்பதால் சாதாரண மக்களுக்கு இது பெரிய உதவி. இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அரசுத் துறைகளுக்கு டாட் கவ் டாட் இன் அல்லது டாட் நிக் டாட் இன். வருமான வரித் திருப்புத் தொகை வந்திருக்கிறது என்ற கடிதம் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அது பொய். உண்மையானதாகத் தோன்றினாலும் கடிதத்தில் உள்ள இணைப்பை விட்டுவிட்டு, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

இத்தகைய கடிதத்துக்கு ஸ்பேம் புகாரைவிட, மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள 'ரிப்போர்ட் ஃபிஷிங்' பொருத்தமானது. பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். பணம் அடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழியுண்டு.

உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு வருவது போல ஒரு மிரட்டல் கடிதமும் சுற்றுகிறது. "உன் கணினியைப் பிடித்துவிட்டேன், இதோ உன் கடவுச்சொல்" என்று உண்மையான பழைய கடவுச்சொல் ஒன்றும் அதில் இருக்கும். என்றோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது அது. ஷோ ஒரிஜினலில் பார்த்தால் பெரும்பாலும் ஃபெயில் என்றிருக்கும். உங்கள் 'சென்ட்' பெட்டியிலும் நகல் இருக்காது. அந்தக் கடவுச்சொல்லை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று, அதிகம் பேசப்படாதது. திடீரென்று ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் "பதிவு செய்ததற்கு நன்றி" என்று உலகத்தில் உள்ள தளங்களிலிருந்தெல்லாம் கடிதம் வந்து குவியும். குப்பை பெருகிவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடத் தோன்றும். அழிக்காதீர்கள். உங்கள் அட்டையிலோ கணக்கிலோ யாரோ கை வைத்திருக்கலாம். வங்கி அனுப்பிய எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாதிருக்க இந்த வெள்ளத்தை ஏற்படுத்தியிருக்கலாம். வங்கியின் பெயரையும், பொருள் வாங்கும் தளங்களின் பெயரையும் தேடல் கட்டத்தில் இட்டு அந்த ஒரு மணி நேரத்தில் வந்ததைப் பாருங்கள். கணக்கு இருப்பைச் சரிபாருங்கள். பிறகு வெள்ளத்தை வடிக்கலாம்.

முகவரி வெளியே போகாமல் காப்பது வடிகட்டுவதில் பாதி. வங்கி, அரசு, வேலை ஆகியவற்றுக்கு ஒரு முகவரி. கடை, செயலி, போட்டிப் பரிசு ஆகியவற்றுக்கு இன்னொன்று என்று பிரித்துவிட்டால் பல தொல்லைகள் தோன்றவே தோன்றா. ஒரே முகவரியிலும் ஒரு வசதி உண்டு. உங்கள் பெயருக்கும் அட் குறிக்கும் நடுவே கூட்டல் குறியிட்டு, ஜவுளி, கூரியர் என்று எதையாவது ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் உங்கள் பெட்டிக்கே வரும். 'டு' கட்டத்தில் அந்த முழு முகவரியை வைத்து ஃபில்டர் போடலாம். ஜவுளிக்கடைக்குக் கொடுத்த முகவரிக்குக் கடன் விளம்பரம் வந்தால் யார் விற்றார் என்றும் தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. பின்னாளில் எழுத்துக்கு எழுத்து அதே முகவரியைக் கேட்கும் என்பதால் அரசுப் பதிவுகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

முன்னெழுத்து வைத்து முகவரி அமைக்கும் நம்மவர்களுக்குப் புள்ளியால் வரும் குழப்பம் தனி. ஜிமெயில் தன் முகவரிகளில் அட் குறிக்கு முன்னால் உள்ள புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே கணக்கு. உங்கள் பெயர் கொண்ட வேறொருவருக்கு வர வேண்டிய காப்பீட்டு ரசீது உங்களுக்கு வந்தால், அவர் முகவரியைத் தவறாகக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அது ஸ்பேம் இல்லை. அனுப்பிய நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொடர்பு வழியே ஒருமுறை தெரிவியுங்கள். தொடர்ந்தால் ஃபில்டர் போட்டு ஒதுக்குங்கள்.

சொந்த டொமைன் வைத்துள்ள சிறு நிறுவனங்களுக்கு ஒரு சொல். சிபேனல் என்ற நிர்வாகப் பலகை வழியே சேவை வாங்கியவர்களிடம் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி இருக்கும். அது ஒவ்வொரு சந்தேகத்துக்கும் புள்ளி கொடுத்து, மொத்தம் 5 ஆனால் ஸ்பேம் என்று முடிவு செய்கிறது. குப்பை வருகிறதே என்று அந்த 5-ஐ 2 ஆக்கிவிட்டு, கூடவே 'ஆட்டோ டெலீட்' போட்டுவிட்டால் வாடிக்கையாளரின் ஆர்டரும் சத்தமில்லாமல் மறையும். 5-இலேயே விடுங்கள், 'ஸ்பேம் பாக்ஸ்' மட்டும் போடுங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அரைப் புள்ளி, அரைப் புள்ளியாகக் குறையுங்கள்.

சங்கங்கள், பள்ளிகள், கூட்டுறவு அமைப்புகள் அனுப்பும் கடிதங்கள் உறுப்பினர்களின் ஸ்பேமுக்குள் போய்விடுகின்றன என்ற குறையும் உண்டு. பெரும்பாலும் தவறு அனுப்பும் இடத்தில்தான். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பட்டியலை எழுதிய பதிவு வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். புதுச் சேவை வாங்கும்போதெல்லாம் இன்னொரு வரி சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும். அந்த வரியைச் சரிபார்க்க டொமைன் பெயர்களின் பொதுப் பதிவேட்டில் (டிஎன்எஸ்) 10-க்கு மேல் தேடல் தேவைப்பட்டாலும் செல்லாது. டிமார்க்கை முதலில் 'நன்' (எதையும் தடுக்காதே) என்று வைத்து அறிக்கைகளைப் பார்த்து, தம் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியானதும் 'குவாரன்டைன்' (ஒதுக்கு), பிறகு 'ரிஜெக்ட்' (திருப்பி அனுப்பு) என்று போக வேண்டும். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு மொத்த அஞ்சல் சேவை வழியே அனுப்பினால் பொருத்தம் தவறும். தனிநபர் ஜிமெயிலில் நாள் ஒன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது. முந்நூறு உறுப்பினர் முகவரியையும் 'டு' கட்டத்தில் போட்டு அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். ஒருவரின் கணினியில் வைரஸ் புகுந்தால் முந்நூறு முகவரியும் குப்பைக்காரர் கைக்குப் போகும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பும் 'பிசிசி' கட்டம் இருப்பது இதற்குத்தான்.

விளம்பரம் வேண்டாம் என்று 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்துவிட்டோமே, பிறகும் ஏன் மின்னஞ்சல் வருகிறது என்று கேட்பவர்களுக்கு: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உரியவை, மின்னஞ்சலை அவை தொடுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சல் பற்றி ஒரு வரி இருந்தது. பேச்சுரிமையைப் பறிக்கும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருந்த அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முழுமையாக ரத்து செய்தது, அது சரியான தீர்ப்பும்கூட. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுத்தக் கேட்ட 10 வேலை நாளுக்குள் விளம்பரத்தை நிறுத்தியாக வேண்டும். வணிக மின்னஞ்சலுக்கென்று அப்படி ஒரு குறுகிய, தெளிவான விதி இங்கும் வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எழுதினால் நல்லது.

அதுவரை, மோசடிச் செய்திகளின் அடியில் "அழித்துவிடுங்கள்" என்று வரும் இடத்தில் "அழிப்பதற்கு முன் ஸ்பேம் அல்லது ஃபிஷிங் என்று புகார் செய்யுங்கள்" என்ற வரியையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் சேவை நிர்வாகப் பணியில் உள்ளோர்,
கோயம்புத்தூர்.